கழற்றி வைக்காத பூட்ஸ்

மூன்றாவது நாளாக அவளுடைய தட்டு காய்ந்தே கிடந்தது.

"சாப்பிடலையா?"

"பசிக்கலைங்க." மனைவி பின்வாசல் குழாயடிச் சேற்றில், சுவருக்கு அப்பால் நின்ற பெரிய மரத்தின் நிழலில், வெறுங்காலோடு நின்றிருந்தாள். "இங்க நிக்க நல்லா குளுகுளுன்னு இருக்கு."

"நின்னா வயிறு ரொம்பிடுமா?" என்று முணுமுணுத்தபடி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார் பெரியவர்.

ஆராய்ச்சிக்கான நாற்றுக்கூடத்தில் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. இடது வரிசை மரக்கன்றுகளின் வேரில் பூஞ்சை விட்டிருந்தார்கள். வலது வரிசையில் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவாம். வலது வரிசை எப்போதும் சோனியாகத்தான் நிற்கும். அன்றோ, கண்ணாடிக் கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓசையும் ஈரமண்ணின் திகட்டும் இனிப்பு வாடையும் நெஞ்சை அடைத்த அந்தப் புழுக்கத்தில், வலது வரிசையும் கொழுகொழுவென்று நின்றது.

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை சொல்லத் தெரியாத ஆராய்ச்சி டாக்டரம்மா அதில் ஒரு கன்றைப் பிடுங்கினாள். வேர் முழுக்க வெள்ளை நூல்.

"சாதாரணமா வேர் யாரையும் சுலபமா உள்ள விடாது, பெரியவரே. இந்தப் பூஞ்சை ஒரு புரதத்தை அனுப்பி அந்த எதிர்ப்பை அடக்கிடும். அதுக்கான மரபணுவைத்தான் நாங்க கூட்டி வச்சிருக்கோம்."

"வேருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? மண்ணுல இருக்கிற சத்தையெல்லாம் இது ஊட்டுது. பதிலுக்குக் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்குது. பசியும் இல்ல, வலியும் இல்ல."

"ஊட்டிக்கிட்டே உள்ள வர்றவனை நான் நம்ப மாட்டேன்."

"நீங்க யாரைத்தான் நம்புனீங்க! பூட்ஸை மருந்துத் தொட்டியில முக்கி இங்கேயேதானே விட்டுட்டுப் போறீங்க?"

"ஆமா."

பொய். நாற்றுக்கூட வாசலில் விட்ட செருப்பை எவனோ கிளப்பிக்கொண்டு போன நாளிலிருந்து, பூட்ஸோடுதான் வீட்டுக்குப் போகிறார். தினமும் பின்வாசல் குழாயடியில்தான் அதன் மண்ணைக் கழுவுகிறார்.

பசிக்கலைங்க.

தண்ணீர்ப் பூவாளியைப் போட்டுவிட்டு ஓடினார். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயும் அதே இனிப்பு வாடை. சொட்டு. சொட்டு.

"அடியே!"

"இங்கதாங்க."

காலையில் நின்ற அதே இடம். கணுக்கால்வரை சேறு. முகம் மட்டும் பத்து வயது குறைந்து, கொழுகொழுவென்று.

"கையைக் கொடு. வெளிய வா."

"எதுக்குங்க? நல்லாத்தானே இருக்கு."

இழுத்தார். கால் எழுந்தது. மண்ணும் கூடவே எழுந்தது. விரலிடுக்கெல்லாம் வெள்ளை நூல். விறைத்து நீண்டு, சுவருக்கு அடியில் நுழைந்திருந்தது.

இன்னும் இழுத்தார். ஒன்று அறுந்தது.

அவள் சிரித்தபடியே நின்றாள். காற்றே இல்லை. சுவருக்கு அப்பால் நின்ற பெரிய மரம், உச்சிவரை நடுங்கியது.