முள் இறங்குகிறது

யாரும் ஒரு குழாயையும் திறக்கவில்லை; ஆனாலும் அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

சிலி நாட்டின் வல்பராய்சோ துறைமுகத்துக்கு மேலே, குன்றுச் சரிவில் நிற்கும் பழைய தையல் ஆலையின் அடித்தளத்தில் ஹிமேனா குனிந்து நின்றாள். மூன்று மாடிகளில் ஏற்கெனவே, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் உண்டு. நாலாவதுக்கும் அவற்றை நீட்டப்போகிறார்கள். தெருக்குழாயில் அதற்குப் போதுமான தண்ணீர் வருகிறதா என்று சொல்லவேண்டியவள் அவள். தப்பாகச் சொன்னால், தீப்பிடிக்கும் அன்று மேலே இருப்பவர்களுக்குத் தண்ணீர் எட்டாது.

"எங்கயோ ஒழுகுது, டான் ஹசிண்டோ," என்றாள், பெரியவருக்குரிய மரியாதையோடு.

"கட்டடத்துக்கும் என் வயசுதாம்மா. ஒழுகாம இருக்குமா?" என்றார் காவலாளி. சிரிப்பு உதட்டோடு நின்றது. கண் முள்ளின் மேலேயே இருந்தது.

முதல் மாடிக்கான வால்வை மூடினாள். இரண்டாவது. மூன்றாவது. அப்போதும் முள் இறங்கியது. பிற்பகல் மூடுபனி சன்னல் கம்பிகளுக்குள் புகுந்து ஈரச் சுண்ணாம்பு வாடையோடு கலந்தது. அதற்கும் அடியில் கருகிய கம்பளியின் நாற்றம். குழாயில் காதை வைத்தாள். ஒழுகும் சத்தம் அல்ல. மடக். சற்று நிறுத்தம். மடக். பல தொண்டைகள் ஒன்றாக விழுங்குவதுபோல.

"நாலாவது மாடியில பழைய குழாய் ஏதும் இருக்கா?"

"கிடையாது. இருந்திருந்தா அங்க தைச்சுக்கிட்டிருந்த பொண்ணுங்க பொழச்சிருப்பாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "தீ வந்தப்ப கதவு பூட்டியிருந்துச்சு. தண்ணி தண்ணின்னு கத்தினது கீழ துறைமுகம் வரைக்கும் கேட்டுச்சாம். மேல போகாதீங்கம்மா."

பார்க்காமல் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. படியேறினாள். சத்தமும் சுவருக்குள் கூடவே ஏறியது. இரண்டாம் மாடியில் உதடு வறண்டது. மூன்றாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்றம் அடர்ந்தது. நாலாவது மாடிக் கதவு. கைப்பிடி சுட்டது. தள்ளினாள்.

கரிபிடித்த கூரை மொட்டையாகக் கிடந்தது. ஒரு குழாய்கூட இல்லை. ஒரு சொட்டுகூட விழவில்லை.

அதன் கீழே வரிசை வரிசையாகப் பெண்கள். அண்ணாந்த முகங்கள். திறந்த வாய்கள். தொண்டைகள் மட்டும் ஏறி இறங்கின. மடக். மடக்.

சத்தம் நின்றது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருவர் மட்டும், பேருந்தில் இடம் விடுவதுபோல, ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறுந்தரை.

ஹிமேனாவின் தலை தானாகவே பின்னுக்குச் சாய்ந்தது. வாய் திறந்தது.