நிதானம் சார் வெளியேறவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் அலுவலகம் காலியாக இருந்தால்தான் சர்வருக்கு அப்டேட் போட முடியும். சனியன், சீக்கிரம் முடிந்து தொலைந்தால்தானே! போன வருஷம் மகளின் பிறந்தநாளை இந்த அப்டேட்தான் விழுங்கியது. இந்த முறை கேக் வெட்டுவதற்குள் வந்துவிடுவதாக மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தாள் அவள்.

சர்வர் அறைக் கதவைத் திறந்துவிட்ட காவலாளி, "சீக்கிரம் கிளம்பிடுங்க மேடம். லீவு நாள்ல இந்த ரூம் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றார்.

காரணம் அவளுக்கும் தெரியும். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு நிதானம் சார் என்று பட்டப்பெயர். அப்டேட் ஓடும்போது, இன்னொருவர் வந்து 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தபோதுதான் மாரடைப்பு. மனைவி போன் அடித்துக்கொண்டே இருந்தாராம். மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அவருடைய லாகினை மட்டும் யாரும் அழிக்கவில்லை. பாதி வேலைகள் அதில்தான் ஓடின. கை வைத்தால் எது படுத்துக்கொள்ளும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அப்டேட் முப்பது சதவீதத்தில் நின்றது. எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சூடேறிய ஒயர் நாற்றம் தொண்டையைக் கரித்தது. போன் அடித்தது.

"அம்மா, எல்லாரும் வந்துட்டாங்க. எங்க இருக்க?"

"இதோ, வந்துக்கிட்டே இருக்கேன்டா கண்ணு." பச்சைப் பொய்.

திரையில் ஒரு வரி முளைத்தது. வேறொருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார், அவர் வெளியேறும்வரை காத்திருக்கவும்.

யாரென்று பார்த்தாள்.

நிதானம் சார்.

லாகின் வெளியிலிருந்து அல்ல. இதே அறையில், இதே கீபோர்டில்.

விரல்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மின்விசிறிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஈரமான, களைத்துப்போன மூச்சு.

"சார்..." என்று முணுமுணுத்தாள். "என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. நீங்களும் வீட்டுக்குப் போங்க சார். நான் பாத்துக்கறேன்."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது. பாரம் இறங்கியதுபோல் இருக்கை மேலே எழும்பியது. அப்டேட் கிடுகிடுவென்று ஓடி நூறைத் தொட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினாள்.

வீட்டில் கேக் இன்னும் வெட்டப்படவில்லை. மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. கத்தியை எடுக்கச் சமையலறைக்குள் போனபோது காவலாளி போனில் கூப்பிட்டார்.

"மேடம், இன்னும் எவ்ளோ நேரம்? ரூமைப் பூட்டணும்."

"நான் அப்பவே கிளம்பிட்டேனே."



"விளையாடாதீங்க மேடம்," என்று கிசுகிசுத்தார். "கண்ணாடிக் கதவு வழியாப் பாத்துக்கிட்டுதான் பேசறேன். சீட்ல நீங்கதான் இருக்கீங்க. எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறீங்க."

"அம்மா!" முதுகுக்குப் பின்னால் மகள் கூப்பிட்டாள். "அம்மா, வாம்மா!"

திரும்ப நினைத்தாள். கழுத்து அசையவில்லை.