எதிரி இல்லாத படை

வில்லாளிகளைச் சன்னலைப் பார்த்து நிறுத்தித்தான் நெடுமாறன் காயவைத்திருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அத்தனை பேரும் படுக்கையறைக் கதவைப் பார்த்து நின்றார்கள்.

எல்லாம் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள். கோட்டையைச் சுற்றி வளைத்து, சோறு தண்ணி போகவிடாமல் நிறுத்தி, உள்ளே இருப்பவர்களைச் சாகடித்துப் பிடித்தார்களே ஐரோப்பாவில், அந்தக் காலத்துப் படை. உப்பளம் பகுதியில் நண்பன் ஜெர்ரி வீட்டு மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்காக, தலை வேறு கை வேறாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் வருவதை நறுக்கி ஒட்டி, ஒவ்வொருவனுக்கும் சிவப்பு அங்கி தீட்டிக்கொண்டிருந்தான். பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவன், மயிரிழைப் பிரஷ் அவன் சொன்ன பேச்சைக் கேட்கும்.

படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தான். "எழுந்து வந்தியா குழலி?"

"நான் எங்க வந்தேன்? பாத்ரூமுக்கே நீதான் தாங்கி இட்டுக்கினு போற. கேக்குறாரு பாரு கேள்வி."

கார்குழலிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளையையாவது உயிரோடு கையில் வாங்கிவிட வேண்டும். அதைத் தவிர வேறெதையும் சாமியிடம் கேட்பதை அவன் விட்டிருந்தான்.

தீபாவளி கழிந்ததிலிருந்து விடாத மழை. முத்தியால்பேட்டைத் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. பால் வரவில்லை. குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. சாயங்காலம் கரண்டும் போயிற்று. மழைக்காலத்தில் இதெல்லாம் நடப்பதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெழுகுவர்த்தியை ஏற்றினான்.

போனில் சார்ஜ் சாகப்போகிற நேரத்தில் ஜெர்ரி கூப்பிட்டான். "கோட்டைக்காரனுங்கள ஒட்டிட்டியா மச்சான்?"

"இல்லடா. பொட்டியே பிரிக்கல. புள்ள பொறந்தப்பறம் பாத்துக்கலாம்."

"அப்ப ஒன் படைக்கு எதிரியே இல்ல. சும்மா நின்னுக்கினு என்னா பண்ணுவானுங்க, பாவம்," என்று ஜெர்ரி சிரித்தான். போன் அணைந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டில் மழை அடிக்கிற ஓசைக்கும் சாக்கடை பொங்குகிற ஓசைக்கும் அடியில், படுக்கையறைத் தரைக்குக் கீழே, கரண்டியால் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதுபோல, நின்று நின்று, ஆனால் கூடிப் பேசிவைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களின் நிதானத்தோடு, ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். சிவப்பு சிமெண்டுத் தரையில் கட்டில் காலடியில் மாவு போல மண் குவிந்திருந்தது. ஈரமண் வாடை குப்பென்று அடித்தது.

"என்னாது அது?"

"எலிதான். நீ படு."

"எலி கட்டில ஆட்டுமா?" என்றாள் கார்குழலி. அவள் குரலில் கிண்டல் இல்லை.

கூடத்துக்கு வந்தான். மேசையில் பாதிப் படையைக் காணோம். ஏணிகளை அவன் இன்னும் நறுக்கவே இல்லை, ஆனால் பிளாஸ்டிக் சட்டம் காலியாக இருந்தது. நறுக்கிய இடம் அவன் கத்தியைவிடச் சுத்தமாக இருந்தது.

கோட்டைக்காரர்களின் பெட்டியைக் கிழித்தான். வேகவேகமாக ஒட்டினான். பெயின்ட் இல்லை, முகம்கூட இல்லை, வெறும் சாம்பல் நிறம். விரலெல்லாம் பசை. அவர்களைக் கட்டிலைச் சுற்றிலும் வெளியே பார்க்க நிறுத்தினான்.

"எனக்குக் காவலா?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குது மாறா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"தூக்கிக்கினே போயிடறேன். கதவத் தொறந்துட்டு வந்துடறேன்."

வாசல் கதவு மழையில் ஊறி இறுகிக் கிடந்தது. இழுத்தான். உதைத்தான். தோளால் மோதினான். எதிர்வீட்டுப் பாவாடை அண்ணனைத் தொண்டை கிழியக் கூப்பிட்டான். மழை இரைச்சலில் குரல் தெருவைத் தாண்டவில்லை.

சுரண்டல் நின்றது.

எந்தச் சத்தத்தையும்விட அந்த அமைதி அவனைப் பயமுறுத்தியது. மெழுகுவர்த்தியோடு ஓடினான்.

சாம்பல் வீரர்கள் தரையில் கிடந்தார்கள். ஒருவனுக்கும் தலை இல்லை. கட்டிலின் நான்கு பக்கமும் ஏணிகள். ஏணிகளில் யாரும் இல்லை. எல்லாரும் ஏறி முடித்திருந்தார்கள்.

"குழலி."

அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. போர்வைக்கு மேலே, மேடிட்ட வயிற்றைச் சுற்றிச் சிவப்பு அங்கிகள் வரிசை வரிசையாக நின்றன. உச்சியில் ஒருவன். அவன் ஊன்றிய குண்டூசி உயரக் கொடி.

மூச்சு விட்டால் கொடி அசையும். உள்ளே பிள்ளை உதைத்தாலும் அசையும். அசைந்தால் போதும். லேசாக.

மெழுகு உருகிக் கையில் வழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

கொடி நேராக நின்றது.