இத்தா வீட்டு வாசம்

ஹுஸ்னியா குப்பியின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை. அதற்குள் அறை மணக்கத் தொடங்கிவிட்டது. ஈரத் துணியை மடித்து நெடுநாள் வைத்த மாதிரி ஒரு மணம். மழைக்காலத்தில் ஓர்ஸ் ஹில் பக்கத்து வீடுகள் எல்லாம் இப்படித்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குப்பி சுண்டுவிரல் அளவுகூட இல்லை. கொழும்பில் சென்ட் கடையில் வேலைசெய்யும் தங்கச்சி சனூஸா கொடுத்துவிட்டுப் போன சாம்பிள்.

"பழைய காலத்துப் பாணியில செஞ்சது ராத்தா. முதல்ல எலுமிச்சை, பிறகு றோசா. கடைசில வாற மணம் ஆளுக்கு ஆள் மாறும். இத்தா முடிஞ்ச பிறகு போட்டுப் பாருங்க."

முடியட்டும் என்று இருந்திருக்கலாம். பாழாய்ப்போன ஆசை விட்டால்தானே?

புருஷன் கலீலுர் றஹ்மான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினவர். தங்கமான மனுஷன். இதே கட்டிலில், இவள் பக்கத்தில் படுத்திருக்க, தூக்கத்திலேயே மௌத்தானார். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போன பிறகுதான் இவளுக்கு விஷயம் தெரிந்தது. பக்கத்தில் கிடந்து எப்படியடி தூங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது ஆறியிருப்பாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, பூவும் பவுடரும் அத்தரும் தொடாமல், இந்த இத்தாவையாவது பழுதில்லாமல் இருந்து முடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். அந்த மனுஷனுக்குச் செய்ய இவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கரண்ட் போயிருந்தது. மஃரிப் தொழுகைக்கு முன்பே மழை இருட்டு அறைக்குள் இறங்கிவிட்டது. பக்கத்து அறையில் அவரைப் பெற்ற மாமி மைமூனா தஸ்பீஹ் மணி உருட்டுவது கேட்டது. ஒரு துளிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மணிக்கட்டில் தடவினாள்.

எலுமிச்சை. இப்போதுதான் நறுக்கிய மாதிரி. பிறகு மெதுமெதுவாக றோசா, அதோடு பட்டுத் துணியில் ஒட்டிய பவுடர் மாதிரி ஏதோ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கையை மூக்கோடு வைத்து மணந்தாள், இன்னும் மணந்தாள். மழையும் துறைமுகத்தில் கப்பல் ஊதிய சத்தமும் எங்கோ தூரத்தில் போய்விட, உடம்பெல்லாம் லேசானது, தன்னையறியாமல் சிரித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவரை அடியோடு மறந்துபோனாள்.

நினைவு வந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. சீ, நீயெல்லாம் ஒரு பெண்சாதியா?

மணிக்கட்டில் மணம் மாறியிருந்தது.

கற்பூரம். அவருடைய மையத்தைக் குளிப்பாட்டிய தண்ணீரின் கற்பூரம். அதற்கடியில் அந்த ஈரத் துணி.

குசினிக்கு ஓடினாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்தது. மணம் போகவில்லை. திரும்பி வந்தபோது அறை முழுக்க அதே மணம்.

தஸ்பீஹ் சத்தம் நின்றிருந்தது.

மாமி வாசலில் நின்றாள். ஹுஸ்னியா கையை முந்தானைக்குள் ஒளித்தாள். ஒளித்து என்ன பயன்? அழுகை முந்திக்கொண்டது.

"மாமி, நான் சென்ட் பூசிப்போட்டன். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

மாமி ஏசவில்லை. கிட்ட வந்து, இவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, ஆற அமர மணந்து பார்த்தாள்.

"அழாத மகள். நல்லதுதான் செஞ்சிருக்காய்."

மாமியின் கண் இவளுக்குப் பின்னால் போனது. கட்டில் பக்கம்.

ஹுஸ்னியா திரும்பினாள்.

கட்டிலில் மையத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி. நீளமாக. நனைந்து. இடுப்பில் ஒரு முடிச்சு, காலில் ஒரு முடிச்சு. தலைமாட்டு முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தது.

மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே ஒட்டியது.

தளர்ந்தது.

திரும்பவும் ஒட்டியது.

மாமி இவள் கையை விடவில்லை. கட்டிலை நோக்கி மெல்ல இழுத்தாள்.

"கையக் குடு மகள். என்ட புள்ள வடிவா மணந்து பாக்கட்டும்."