கோபமே வராதவர்

"என் கோபத்துக்குப் பயந்துதான் ஒருத்தியும் என்னைக் கட்டிக்க மாட்டேங்கிறான்னு இனிமே சொல்லாதே. எனக்குக் கோபமே வராதுக்கா. எத்தனை தடவை சொல்றது?"

மருத்துவமனை வராந்தா அதிர்ந்தது. மழையிலிருந்து உள்ளே வந்தவள், குடையை மடக்கியபடியே களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். முறைத்தான். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி... அதற்குக் கீழே முறைக்கத் தெரியாத கண்கள்.

"என்னங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. கோபமே வராதவரை இப்பத்தான் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் கத்துங்க... ஐ.சி.யு.வுல இருக்கிறவங்களும் எழுந்து வந்து பார்க்கட்டும்."

நடந்துவிட்டாள். குடையில் சொட்டிய துளிகள் அவள் பின்னாலேயே போயின. அவன் பார்வையும்.

சற்று நேரத்தில் கூட்ட அறையில், எதிரெதிர் நாற்காலியில், அதே நான்கு கண்கள். அவள் அங்கே தலைமை மனநல ஆலோசகர். அவன் புது மென்பொருளோடு வந்திருக்கும் இன்ஜினியர்.

"ஒருத்தர் தன்னைப் பத்திப் பேசினாப் போதும் மேடம். பேச்சை எழுத்தாக்கி, அலசி, தன்னைத்தானே எவ்வளவு புரிஞ்சு வச்சிருக்கார்னு நூத்துக்கு மார்க் போட்டுடும். சிகிச்சை பலிக்குதான்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"உங்களுக்கு எவ்வளவு போட்டுச்சு?"

"தொண்ணூத்திரண்டு."

"வராந்தாவுல கத்தினவருக்கா?"

அறை சிரித்தது. அவன் காது மடல் சிவந்தது.

"சரி... புரிஞ்சவங்க பேச்சு இப்படித்தான் இருக்கும்னு அதுக்கு யார் பேச்சைக் காட்டினீங்க?"

"ஆரம்பத்துல..." குரல் இறங்கியது. "என் பேச்சைத்தான்."

"அப்போ உங்களை மாதிரிப் பேசறவங்களுக்கெல்லாம் அது மார்க்கை அள்ளிக் கொடுக்கும். இதை நம்பி நோயாளிகளை விட முடியாது சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தக் கையெழுத்து இல்லையென்றால் அவனுடைய இரண்டு வருட உழைப்பு குப்பை. லேப்டாப்பை மூடினான். கதவும் கொஞ்சம் பலமாகவே மூடியது.

ஆனால், அடுத்த வாரமே வந்து நின்றான்.

"நீங்க சொன்னது சரி. எரிச்சலா இருந்துச்சு... ஆனா சரி. யார் பேச்சைக் காட்டணும்?"

அவள் சொன்னாள். சம்மதம் தந்த நோயாளிகளின் பேச்சை, அடையாளம் நீக்கி. அதற்கு ஆலோசகர்கள் தனித்தனியே போட்ட மார்க்கோடு. அந்த மழைக்காலம் முழுக்க இருவருக்கும் ஒரே மேசை. அவன் வராத நாட்களில் அவள் கண் கதவுக்கே போய்ப் போய் வந்தது. வேலை முடிய வேண்டுமே, அதற்காகத்தான்... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசிச் சோதனை நாள்.

"நீங்களே பேசிப் பாருங்க மேடம். இந்த மழைக்காலம் உங்களுக்கு எப்படிப் போச்சு?"

தன்னம்பிக்கையோடு பேசினாள். கணிப்பொறி யோசித்தது. முப்பத்தொன்று.

"எனக்கா? எங்கே குறைச்சுது, காட்டுங்க."

திரையைத் திருப்பினான். மஞ்சளில் மின்னின அவள் வரிகள்.

'அவர் வரலைன்னா எனக்கு ஒண்ணுமில்ல.' 'வேலைக்காகத்தான் காத்திருந்தேன்.' 'நான் அவரைப் பத்தி யோசிக்கிறதே இல்ல.'

"உங்களைப் பத்தித்தான் கேட்டேன்..." அவன் மெதுவாகச் சொன்னான். "யார் மேடம் அந்த அவர்?"

ஜன்னலில் மழை. அவள் இமைகள் ஒருமுறை தாழ்ந்தன... நிமிர்ந்தன. பேனாவை எடுத்தாள். காகிதத்தை இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"உங்க மெஷின் பாஸ்."

"அப்போ... அது கண்டுபிடிச்சது சரியா?"

"தப்புன்னா கையெழுத்துப் போடுவேனா?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இப்போ உங்க முறை. பேசுங்க."

"அன்னிக்கு... நீங்க சிரிச்சீங்கல்ல... எனக்குப் பயங்கரக் கோபம். வீட்டுக்குப் போயும் அந்தச் சிரிப்பே... அப்புறம் பார்த்தா... அது கோபம் இல்ல. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல."

"இதுவரைக்கும் நீங்க பேசினதுலயே இதான் உருப்படியான பேச்சு," என்றாள். கண்கள் மட்டும் பளபளத்தன.

போன் அதிர்ந்தது. அக்கா.

"அக்கா... எனக்குக் கோபம் வரும்க்கா. நல்லாவே வரும். அதைப் பார்த்தும் பயப்படாத ஒருத்தங்க இங்க இருக்காங்க... நீயே பேசு."

போனை நீட்டினான். அவள் வாங்கினாள். மறுமுனையில் அக்காவுக்கு முதலில் கேட்டது, களுக்கென்ற அந்தச் சிரிப்பு.