ஏழாம் நம்பர் ரூமில் ஒரு தேதி

போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. மாமனார் வீட்டுக் கூடம். இரண்டு மாப்பிள்ளைகளும் ஆஜர்.

ஃபேனுக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் சின்ன மாப்பிள்ளை. காற்று எட்டாத மூலையில், ஸ்டூலில் பெரிய மாப்பிள்ளை.

இந்த நாற்காலி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பதினாறு வருடம் அது பெரியவருடைய இடம். ஏழு வருடத்துக்கு முன்னால் மச்சினிச்சியைக் கட்டிக்கொண்டு சின்னவர் வந்தார். புது மாப்பிள்ளை காற்றாட உட்காரட்டும் என்றார் மாமியார். பெரியவர் எழுந்தார்.

ஏழு வருடமாகியும் அந்தப் புது மாப்பிள்ளை பழசாகவில்லை!

வீட்டில் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். ஆபீசிலும் அதே கதை. இருவருக்கும் நகராட்சியில் ஒரே வேலை. வாடகைக்கு விடும் கட்டடங்களுக்குப் போய் வயரிங், படிக்கட்டு, காற்றோட்டம் எல்லாம் சோதித்து, மனிதர் குடியிருக்கத் தகுமா என்று சான்று கொடுக்க வேண்டும். பெரியவருக்கு இருபத்துமூன்று வருட சர்வீஸ், கையில் இரும்பு டேப். சின்னவருக்கு ஆறே வருடம், கையில் லேசர் மீட்டர். பொத்தானை அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழும், அளவு வந்துவிடும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடும் பெரியவருக்கு அந்தப் புள்ளியைப் பார்த்தாலே வயிறு எரியும்.

இப்போது மேற்பார்வையாளர் பதவி காலி. புதன்கிழமை ஆர்டர் வருகிறது. சின்னவர் பெயர்தான் என்று பியூன் வரைக்கும் பேச்சு.

அது மட்டும் நடந்தால்... இந்த வீட்டில் ஸ்டூலும் மிஞ்சாது.

பெரியவர் போனை எடுத்தார். மேலதிகாரி.

"ரயில்வே லைன் பக்கத்து மூணு மாடிக் கட்டடம். மூணாவது மாடி, ஏழாம் நம்பர் ரூம். ஒருத்தர் பாத்ரூம்ல செத்துக் கிடக்கார். கேஸ் கீசர் புகைன்னு சந்தேகப்படுறாங்க."

பெரியவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஏழாம் நம்பரா? அது காலி ரூமாச்சே சார்?"

"நேத்து சாயந்தரம் குடி வந்திருக்கார். ரூம் காலின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரிப்போர்ட்ல பார்த்தேன் சார்."

"உன் சகலை ரிப்போர்ட்தானே? போன திங்கக்கிழமைதான் நல்லா இருக்குன்னு சான்று குடுத்திருக்கார். ரெண்டு பேரும் உடனே போங்க."

போனை வைத்தார். சந்தோஷத்திலும் கை நடுங்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பாவம், ஒரு உயிர் போயிருக்கிறது என்று மனம் ஒரு பக்கம் பதறியது. இன்னொரு பக்கம் பிரம்பு நாற்காலியைப் பார்த்தது.

"எழுந்திருப்பா. நீ பாஸ் பண்ணின ரூம்ல ஆள் செத்துட்டான்."

சின்னவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கூடத்தில் ஒருவரும் அதை நிமிர்த்தவில்லை. மாமியாரின் முகம் வெளுத்துப் போனதைப் பெரியவர் வாசல்படி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

*

ஒரு பெரிய ஹாலைப் பலகைத் தடுப்பால் பத்தாகப் பிரித்திருந்தார் வீட்டுக்காரர். நடுவே ஓர் ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்கு வழி.

ஏழாம் நம்பர். செத்தவர் ஒரு தையல்காரர். மெஷினைச் சுற்றிய சாக்கும் கயிறும் இன்னும் பிரிக்கப்படவில்லை. உடலை அப்போதுதான் கொண்டுபோயிருந்தார்கள். குளியலறையில் ஒரு வாளி நிறைய அவர் பிடித்த வெந்நீர், ஆறிப்போய் நின்றது.

லேடி எஸ்.ஐ. சுவரின் மேல்மூலையைக் காட்டினார். அங்கே ஒரு வென்டிலேட்டர், அதன்மேல் ஓட்டை போட்ட இரும்பு மூடி, நான்கு திருகாணி.

"வெளிச்சமே வரலை பாருங்க. பின்னால எதையோ வெச்சு அடைச்சிருக்கு. கீசர் புகை வெளியே போக வழியில்லாம இவர் மூச்சுல போயிருக்கு. கைரேகைக்காரங்க வெளிப்பக்கம் பார்த்துட்டாங்க. கழட்டறதுக்கு உங்க துறை ஆளுங்க வரட்டும்னு விட்டு வெச்சேன்."

வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். சின்ன சார் மூன்று தடவை வந்து, உயிரை எடுத்து, ஒவ்வொரு குளியலறைக்கும் சுவரை உடைத்து வென்டிலேட்டர் வைக்கச் சொன்னார், வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார் என்று சத்தியம் செய்தார். ரூம் சாவியெல்லாம் கீழே மாடிப்படிக்கு அடியில் ஆணியில் தொங்கும், எவன் எடுத்தான் எவன் வைத்தான் என்று தனக்குத் தெரியாது என்றார்.

சின்னவர் தன் மொபைலை நீட்டினார். திங்கட்கிழமை எடுத்த போட்டோ. அதே மூடி. ஒவ்வோர் ஓட்டையிலும் பளிச்சென்று வெளிச்சம்.

எஸ்.ஐ. புருவத்தை உயர்த்தினார்.

"அப்போ திங்கக்கிழமைக்கு அப்புறம் யாரோ அடைச்சிருக்காங்க."

பெரியவர் போட்டோவை எட்டிப் பார்த்தார். கையில் கிடைத்த நாற்காலி வழுக்குகிறதே! இந்தப் பயல் இதிலும் தப்பிவிடுவான் போலிருக்கிறதே!

"போட்டோவை நம்பாதீங்க மேடம். பத்து ரூமுக்கும் ஒரே மாதிரி மூடி. ஒண்ணை எடுத்து பத்து ரிப்போர்ட்லயும் ஒட்டிடலாம். இந்தக் காலத்துப் பசங்க வேலை அப்படித்தான்."

"அண்ணே..." சின்னவர் மொபைலை இன்னும் நீட்டியபடியே நின்றார். "நான் ஒவ்வொரு ரூமா ஏறிப் பார்த்தேண்ணே."

"பார்த்தேன்னா போதுமா? ஆதாரம் வேணும்ல?" பெரியவர் காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை உருவினார். "மேடம், நான் எந்த மூடியைக் கழட்டினாலும் திரும்ப மாட்டும்போது உள்பக்கம் தேதி எழுதி, ஒரு டிக் போட்டு, சுழிச்சு விடுவேன். இருபது வருஷத்துக்கு முந்தி ஒரு வீட்டுக்காரர், நான் வந்து பார்க்கவே இல்லைன்னு சாதிச்சுட்டார். அன்னிலேருந்து பழக்கம். இவருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

அது உண்மைதான். அவர் வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் முதுகில் தேதி இருக்கும். மிக்சியின் அடியில் தேதி இருக்கும். என் முதுகு மட்டும்தான் பாக்கி என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"நீங்க எழுதுவீங்களா?" எஸ்.ஐ. சின்னவரைக் கேட்டார்.

"இல்லைங்க மேடம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை."

"கேட்டீங்களா?" பெரியவரின் குரலில் பாகு வழிந்தது. "கழட்டவே இல்லை மேடம். கழட்டினதுக்கு ஆதாரமா ஒரு தேதிகூட இருக்காது. இப்பவே எடுத்துக் காட்டறேன்."

எஸ்.ஐ. கையுறையைக் கொடுத்தார். கான்ஸ்டபிள் ஸ்டூலைப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர் ஒரு ஸ்டூலில் ஆசையோடு ஏறினார்.

ஒரு திருகாணி. இரண்டு. மூன்று. நான்கு.

மூடி கையோடு வந்தது. பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக் தாள், நான்காக மடித்து, கச்சிதமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

பெரியவர் மூடியின் உள்பக்கத்தை எஸ்.ஐ.யின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஆனால் அவர் பார்வை மட்டும் சகலையின் மேலேயே இருந்தது. அந்த முகம் சுருங்குவதை அணு அணுவாக ரசிக்க வேண்டாமா?

"நல்லாப் பாருங்க மேடம். துடைச்ச மாதிரி இருக்கா?"

எஸ்.ஐ. பார்த்தார். டார்ச் அடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

"இல்லையே சார். தேதி இருக்கே."

"என்ன...?"

"சிவப்புப் பென்சில். போன வியாழக்கிழமை தேதி. பக்கத்துல ஒரு டிக். கீழே சுழிச்சு விட்டிருக்கு."

ஸ்டூல் ஆடியது.

கை... பாழாய்ப்போன கை! வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தபோது எல்லாவற்றையும் யோசித்திருந்தார். வீட்டுக்காரர் வெளியே போகிற நேரம், ஆணியில் தொங்கும் சாவி, கைரேகை விழாமல் இருக்க உறை... திருகாணியை முடுக்குவதற்கு முன்னால் கை பாட்டுக்குப் பென்சிலை எடுத்துத் தன் வேலையைச் செய்ததை மட்டும் மூளை கவனிக்கவில்லை.

எஸ்.ஐ. நீட்டிய கையில் பென்சிலை அவராகவே வைத்தார்.

"காலி ரூம் மேடம்." ஸ்டூலிலிருந்து இறங்காமலே சொன்னார். "நாளைக்கு மறு ஆய்வு. நான்தான் வர்றதா இருந்தேன். நானே கண்டுபிடிச்சு எழுதியிருப்பேன். இவன் பேர் மட்டும் கெடணும்னுதான் நினைச்சேன். ஒரு மனுஷன் குடி வருவான்னு... குளிப்பான்னு நினைக்கலை."

"சான்று கிடைச்ச ரூமுக்கு ஆள் வராம வேற என்ன சார் வரும்?"

பெரியவர் தலையைத் திருப்பினார். ஆறிப்போன வாளித் தண்ணீரைப் பார்த்தார். அன்று முதன்முதலாக அந்தத் தையல்காரருக்காக அவர் கண் கலங்கியது. அதுவும் அரை நிமிஷம்தான்.

ஏனென்றால், சின்னவர் அவர் கையைப் பிடித்து ஸ்டூலிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டார். அழுதுகொண்டே இறக்கிவிட்டார். இதிலும் இவனுக்குத்தான் நல்ல பெயர்!

*

ஸ்டேஷனில் எழுதுகிறவரின் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. தலைக்கு மேலே ஃபேன்.

வாக்குமூலம் கொடுக்கச் சின்னவரை அதில் உட்காரச் சொன்னார்கள்.

பெரியவர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"மேடம், அண்ணன் காலையிலேருந்து நிக்கிறார். அவர் உக்காரட்டுமே. கொஞ்சம் காத்து வரட்டும்."

எஸ்.ஐ. சாவிக்கொத்தை எடுத்தார்.

"வேண்டாம் சார். அவருக்கு உள்ளே தனி ரூமே இருக்கு. காத்தோட்டம் சரியா இருக்கான்னு அவரே செக் பண்ணி, தேதி போட்டுக்கட்டும்!"