ஜோசியின் தீனிப்பெட்டி

படிக்கட்டின் அடியில் கிடந்த ஆப்பிளில் இருந்தது ஜோசியின் கடி இல்லை. ஏழு வயது ஜோசிக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்து பத்து நாள்தான் ஆகிறது; அவள் கடித்தால் நடுவில் ஒரு வரப்பு மிஞ்சும். இதில் பல்வரிசை முழுசாக, அகலமாக, கொட்டை வரைக்கும் இறங்கியிருந்தது. வாசலில் பனி அள்ளிவிட்டு வந்த நோரீன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நோரீன் பதினாறு வருஷமாக வளர்ப்புத் தாய். அடியும் பட்டினியும் பட்டு வந்த பிள்ளைகள் சாப்பாட்டை ஒளித்து வைக்கும் என்பது அவளுக்குப் பழகிய விஷயம். திட்டக் கூடாது, பிடுங்கக் கூடாது. பயம் தெளிகிறவரை பிள்ளையின் அறையிலேயே ஒரு தீனிப்பெட்டி வைத்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சியில் சொன்னதும் அதுதான், அவள் கையில் ஒன்பது பிள்ளைகள் தேறியதும் அப்படித்தான். ஜோசிக்கும் வந்த மறுநாளே பெட்டி வைத்தாள். ஆறு வாரமாகப் பெட்டி தினமும் காலி. பிள்ளையோ எலும்பும் தோலும். வெள்ளிக்கிழமை எடை இன்னும் இறங்கியிருந்தால் வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று பிள்ளைகள் நல அலுவலகத்துப் பெவ் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜோசிக்கு இது ஐந்தாவது வீடு. ஆறாவது வீடு என் பிணத்தைத் தாண்டித்தான் என்று நோரீன் கறுவிக்கொண்டாள்.

கனடாவின் தண்டர் பே நகரத்தில் ஜனவரி மாதம் ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிடும். கணவன் ரெய்னோ சாலையில் பனி தள்ளும் வண்டியோடு போயிருந்தான். ஏரிக்காற்று ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருக்க, நோரீன் மாடியேறி ஜோசியின் கதவை இரண்டு முறை தட்டினாள்.

"நான் நோரீன். உள்ள வரட்டுமா?"

அந்த வீட்டுச் சட்டம் அது. யாராக இருந்தாலும் தட்டி, பெயர் சொல்லி, காத்திருக்க வேண்டும்; வேண்டாம் என்றால் பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். கேட்காமலே கதவு திறக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளை அவள். ஆறு வாரத்தில் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

"வாங்க."

உள்ளே ஒரு வாடை. நனைந்த கம்பளி, இன்ஜின் எண்ணெய், பழைய சிகரெட். அந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை. ஜோசி கட்டிலின் மூலையில் ஒடுங்கியிருந்தாள். தீனிப்பெட்டி ஆள் நுழையும் சுவர் அலமாரிக்கு முன்னால், அதன் கதவை ஒட்டி, படையல் வைத்ததுபோல் இருந்தது.

"இதை யாரு கடிச்சா, கண்ணு?"

"வெய்ன். பசிச்சா கட்டில்கிட்ட வந்துடுவாரு. தின்னுட்டிருந்தா வரமாட்டாரு."

வெய்ன் அவள் அம்மாவோடு இருந்தவன். செத்து இரண்டு வருஷம் ஆகிறது என்று கோப்பில் நோரீனே படித்திருக்கிறாள். அதை மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் ஜோசி. "முன்னாடி கொஞ்சமாத்தான் தின்னுவாரு. இப்ப நீங்க நிறைய வைக்கிறீங்க."

நோரீன் கையிலிருந்த ஆப்பிளைப் பார்த்தாள். ஆறு வாரம். பிஸ்கட், சீஸ், ஆப்பிள், எல்லாம் தன் கையால். பிள்ளையைத் தேற்றுவதாக நினைத்து எதைத் தேற்றியிருக்கிறாள்! பயம் வந்த வேகத்தில் ஆத்திரமும் வந்தது. பெட்டியைத் தூக்கி மாடிப்படியில் வீசினாள். அது உருண்டு சிதறும் சத்தம் அடங்குமுன் திரும்பி வந்து அலமாரிக் கதவில் முதுகை ஊன்றி நின்றாள்.

"இனிமே இவனுக்கு ஒண்ணும் கிடையாது."

"கோவப்படுவாரு."

"படட்டும்."

காற்று நின்றது. வாடை கனத்தது. முதுகுக்குப் பின்னால் மரம் வெதுவெதுப்பானது.

தட்டல். இரண்டு முறை. அலமாரிக்கு உள்ளேயிருந்து.

"நான் நோரீன். உள்ள வரட்டுமா?"

நோரீனின் அதே குரல். ஜலதோஷக் கரகரப்புகூட அப்படியே. நோரீன் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

"இது உன் ரூம், கண்ணு," என்றாள் நோரீன். "நீ சொல்றதுதான்."

ஜோசி நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள்.

"வேண்டாம்." பிறகு, பல் போன இடைவெளியில் காற்று சீற, "வராதே!"

அலமாரிக் கதவு முதுகைத் தள்ளியது. நோரீன் ஓர் அங்குலம் சறுக்கினாள். குதிகாலை ஊன்றினாள். கதவடி இடுக்கில் விரல்கள். நான்கு. சிகரெட் கறை படிந்தவை. பெட்டி இருந்த இடத்தைத் தடவின. மிதித்தாள், முழுப் பாரத்தோடு. ஏதோ நொறுங்கியது. விரல்கள் பின்வாங்கவில்லை. அவளும் காலை எடுக்கவில்லை.

ஜோசி கட்டிலைவிட்டு இறங்கினாள். பக்கத்தில் வந்து, தன் சின்ன முதுகையும் கதவில் சாய்த்து, முதன்முறையாக நோரீனின் கையைப் பிடித்தாள்.

கதவடி இடுக்கின் மறுகோடியில் இன்னொரு கை வெளியே வந்தது. அவசரமே இல்லாமல், நோரீனின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தது.